அலமாரிக்கு மேலே ஒரு அடி

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவள் முதலில் மேலே பார்ப்பாள். மனிதர்கள் அதற்குப் பிறகுதான். பல் மருத்துவரின் காத்திருப்பு அறையானாலும் சரி, மகளுடைய பள்ளித் தலைமையாசிரியையின் அறையானாலும் சரி, வாசலில் ஒரு கணம் நின்று கூரையைக் கண்ணால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, மனதுக்குள் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டு, பிறகுதான் உட்காருவாள். அவள் கணவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். மேலே ஒருத்தன் இருக்கிறான் என்று எல்லோரும் வாயால்தான் சொல்கிறார்கள், நம்பித் தேடுகிறவள் இவள் ஒருத்திதான் என்பான். மகள் தோழி வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது தெருமுனையிலேயே நிறுத்தி, அங்கே வந்து சீலிங்கைப் பார்க்கக் கூடாது என்று உறுதி வாங்கிக்கொள்வாள். வாங்கியும் பயனில்லை.

அலுவலகத்தில் அவளுக்கு மோப்பம் என்று பெயர். வைத்தவன் அங்கே வயரிங் பார்க்கிறவன். கிண்டலாகத்தான் வைத்தான்; ஒட்டிக்கொண்டது. இப்போது முதலாளியே வாடிக்கையாளரிடம் போனில், நாளைக்கு எங்கள் மோப்பத்தை அனுப்புகிறேன் என்கிறார். ஒரு கிடங்கு மேலாளர் அதைக் கேட்டுவிட்டு, மறுநாள் ஏணியோடு வந்து நின்ற அவளிடம் நாய் எங்கே என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

கல்யாணத்துக்கு முன்பு அலாரம் மணி செய்கிற தொழிற்சாலையில் இருந்தாள். மணிக்குள் கம்பிகளுக்கு ஈயம் பற்றவைக்கிற மேசை அவளுடையது. ஒவ்வொரு மணியையும் பெட்டியில் போடுவதற்கு முன் ஒரு தடவை அடித்துப் பார்க்க வேண்டும். சில வருடம் அதைச் செய்தால் எந்த வீட்டு அழைப்பு மணியும் காதில் விழாது; விழுந்தாலும் எழுந்து போகத் தோன்றாது. பிறகு, கட்டடங்களில் தீ அலாரம் பொருத்துகிற இந்தக் கம்பெனி, பழுதான மணிகளை மாற்றத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டது. வந்தாள். ஏணியில் ஏறினாள். மேலே ஏறிப் பார்த்தபோது மணியைவிட, கூரையில் புகையை உணர்ந்து மணியை அடிக்கவைக்கிற டிடெக்டர்கள் என்ற வெள்ளை வட்டங்கள் அவளுக்குப் பிடித்துப்போயின. எந்த அறைக்கு எது, எங்கே, எத்தனை என்று படம் போடுகிற வேலை இன்றைக்கு அவளுடையது. படம் போட்டபடி மாட்டியாயிற்றா, மாட்டியது வேலை செய்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவதும் அவள்தான்.

அவளைக் கேட்டால் இதில் ரகசியம் ஒன்றுமில்லை என்பாள். புகை மேலே போகும், கூரையில் முட்டும், முட்டிப் பரவும். பரவுகிற வழியில் டிடெக்டர் இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானுக்குள் நிறைய இருக்கிறது. சுவரும் கூரையும் சேருகிற மூலையில் காற்று தூங்கும். புகை அங்கே எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடும். ஆகவே சுவரை விட்டு அரை மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். ஏசி காற்று விழுகிற இடத்தில் வைத்தால் வருகிற புகையை ஏசியே ஊதித் தள்ளிவிடும். ஒரு புகை டிடெக்டர் தன்னைச் சுற்றி ஏழரை மீட்டர் பார்க்கும். வெப்பத்தை உணர்கிற டிடெக்டருக்குக் கண் கிட்டப்பார்வை, ஐந்து சொச்சம்தான். இரண்டுமே வட்டமாகத்தான் பார்க்கும். வட்டங்களைத் தொட்டுத் தொட்டு வைத்தால் நடுநடுவே ஒரு துண்டு யாருக்கும் சொந்தமில்லாமல் மிஞ்சும். மகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தபோது சாப்பாட்டுத் தட்டுகளைப் பாய்மேல் பரப்பி அவள் இதைக் காட்டியிருக்கிறாள். தட்டு தட்டின்மேல் கொஞ்சம் ஏறி உட்கார்ந்தால்தான் பாய் மறையும்.

ஒரு ஓட்டல்காரர், நடுக்கூடத்தில் தொங்குகிற கண்ணாடி விளக்கின் அழகை இந்த வெள்ளை மூஞ்சி கெடுக்கிறது, மூலைக்குத் தள்ளுங்கள் என்றார். விளக்கைத் தள்ளலாமே என்றாள் அவள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கடைசியில் விளக்குதான் நகர்ந்தது.

சோதிக்கிற விதத்தில்தான் அவளுக்கும் மற்றவர்களுக்கும் ஒத்துவராது. மற்றவர்கள் புகை அடைத்த டப்பாவை நீளக் கம்பில் மாட்டி டிடெக்டரின் மூக்கடியில் ஒரு பீச்சு பீச்சுவார்கள். சிவப்பு விளக்கு எரியும். அடுத்தது. மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு கட்டடமே முடிந்துவிடும். டிடெக்டர் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும், அறை வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும் என்பது அவள் கேள்வி. டப்பாச் சோதனையை அவளும் செய்வாள். செய்துவிட்டு, இந்த அறையில் தீப்பிடித்தால் எங்கே பிடிக்கும் என்று யோசிப்பாள். அங்கே தரையில் புகையை விடுவாள். விட்டுவிட்டு அதன் பின்னாலேயே போவாள், கடைக்குப் போகிற குழந்தையைத் தெரியாமல் பின்தொடர்கிற தாய் மாதிரி.

சின்னவன் அவள் கணவனின் தம்பி. தச்சன். பக்கத்துத் தெருவில் அறை, மூன்று வேளைச் சாப்பாடு இவர்கள் வீட்டில். பல வருடம் ஒரு நாற்காலிக் கடையில் கூலிக்கு இழைப்புளி தள்ளியவன், கோபித்துக்கொண்டு வெளியே வந்திருந்தான். சொந்தப் பெயரில் அவன் எடுத்த முதல் வேலை வேஷத்துணி வாடகைக்குக் கொடுக்கிற கம்பெனியில் அலமாரி வேலை. அதை வாங்கிக்கொடுத்தவள் அண்ணிதான். அந்தக் கட்டடத்துக்கு அலாரம் போடப் போனவள், நல்ல தச்சன் யாராவது தெரியுமா என்று கேட்டார்கள் என்பதற்காக, என் கொழுந்தன் இருக்கிறான், நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவர்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சாப்பிடும்போது தொழில் பேசக் கூடாது. முன்பு ஒருநாள் கணவன் வேனின் பிரேக்கைப் பற்றியும், அவள் எரிந்துபோன ஃபியூஸைப் பற்றியும், சின்னவன் ஒட்டாத பசையைப் பற்றியும் ஒரே சமயத்தில் பேசி, ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல், கோபம் மட்டும் மூவருக்கும் புரிந்து, மகள் தட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். சட்டம் போட்டவள் மகள்தான். அதை யாரும் மீறவில்லை. ஆகவே ஒரே கட்டடத்தில் வேலை செய்த இருவர் ஒரே குழம்பை ஊற்றிக்கொண்டு, தெரு நாயைப் பற்றியும் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசினார்கள். அவன் அலமாரி செய்கிறான் என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு உயரம் என்று கேட்கவில்லை. கூரையில் வெள்ளை வட்டங்கள் வந்துவிட்டதை அவன் பார்த்தான். அவற்றுக்கு என்ன தேவை என்று அவன் கேட்கவில்லை. வெளியாளாக இருந்தால் இருவருமே போன் போட்டாவது கேட்டிருப்பார்கள்.

வேஷத்துணிக் கம்பெனி, முன்பு அச்சகம் இருந்த மாடிக் கட்டடத்துக்கு வந்திருந்தது. கீழே ஒரே நீளக் கூடம், துணியெல்லாம் அங்கே. ராஜாக்கள், போலீஸ்காரர்கள், டாக்டர்கள், பிச்சைக்காரர்கள், கரடிகள். தேவதைகளுக்குச் சிறகு மட்டும் தனி வரிசை. மாடியில் தையல். கீழிருந்து மேலே போக ஒரே படிக்கட்டு. முதலாளியம்மாவை எல்லோரும் ராணியம்மா என்றார்கள். இளம் வயதில் மேடையில் ராணியாகவே நின்றவள், இப்போதும் கணக்குப் பார்க்கும்போதுகூட முதுகு வளையாமல் உட்காருவாள். கடையை இன்னும் திறக்கவில்லை. மோப்பத்தின் கையெழுத்து வந்து, அதைக் காட்டித் தீயணைப்பு அலுவலகத்தில் அனுமதி வாங்கினால்தான் திறக்கலாம். ஆனால் நாடகங்களுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்று தையல்காரப் பெண்கள் முன்கூட்டியே மாடியேறிவிட்டார்கள். அவர்களில் மூத்தவள் காஜா அக்கா. பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. முழங்கால் வலி, காலையில் ஒரு தடவை ஏறினால் மாலையில்தான் இறங்குவாள்.

சோதனை நாளன்று சின்னவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான்.

"அண்ணி, ஒரு விரலால தள்ளுங்க" என்றான்.

தள்ளினாள். ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு உயரமான அலமாரி, போலீஸ்காரர்களையெல்லாம் சுமந்துகொண்டு, தண்டவாளத்தில் சத்தமில்லாமல் நகர்ந்தது. அலமாரிகள் எல்லாமே அப்படித்தான். ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். வேண்டிய இடத்தில் தள்ளினால் ஆள் நுழைய ஒரு சந்து திறக்கும். வேலை முடிந்து மூடினால் இன்னோர் இடத்தில் திறக்கலாம். பழைய கிடங்கின் இரண்டு அறைத் துணி இந்த ஒரு கூடத்தில் அடங்கியிருந்தது. இரு பக்கமும் பலகை அடைத்து, உச்சியில் கிரீடங்களுக்கு என்று ஒரு தட்டு வைத்து, அதற்கு மேல் பூவேலை செதுக்கிய விளிம்பும் கட்டியிருந்தான். அவளுக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது. பிறகு மேலே பார்த்தாள்.

பூவேலைக்கும் கூரைக்கும் நடுவே உள்ளங்கையைப் படுக்கவைத்து நுழைக்கலாம். முஷ்டி நுழையாது.

அவள் படம் போட்டது வெறும் கூடத்துக்கு. அந்தக் கூடம் இப்போது இல்லை. அலமாரியின் தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு அடி இல்லாவிட்டால் அது அலமாரி இல்லை, சுவர். அவளுடைய தொழிலில் அதுதான் கணக்கு. சின்னவன் தெரியாமல் ஒரு கூடத்தைப் பல அறைகளாக்கியிருந்தான். எந்த அறை என்றைக்குத் திறந்திருக்கும் என்பது, யார் என்ன வேஷம் கேட்டு வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

"ரொம்ப நல்லா வந்திருக்குடா" என்றாள். பொய் சொல்லவில்லை. பிறகு ராணியம்மாவைப் பார்த்து, மேடைக்குப் புகை விடுகிற யந்திரம் வாடகைக்கு வைத்திருக்கிறீர்களே, கொடுப்பீர்களா என்று கேட்டாள்.

திறந்திருந்த சந்தின் கோடியில், தையல்காரர்கள் அவசரத்துக்கு இஸ்திரிப் பெட்டியைச் செருகுகிற பிளக்குக்குக் கீழே, யந்திரத்தை வைத்தாள். மேடைப் புகை சோம்பேறி, தரையிலேயே தவழும். ஆகவே பக்கத்தில் மின்சார அடுப்பு ஒன்றைச் சூடாக்கி வைத்தாள். சூடு பட்டதும் புகை நிமிர்ந்தது. போலீஸ்காரர்களுக்கும் தேவதைகளுக்கும் நடுவே நேராக ஏறிக் கூரையில் முட்டியது. அந்தப்பக்கம் தாண்ட வழி தேடியது. பூவேலையின் இடுக்கில் நூல் நூலாகக் கொஞ்சம் நுழைந்தது. மீதியெல்லாம் சந்தின் வழியே ஓடி, வாசலில் வழிந்து இறங்கி, நடைபாதையைக் கடந்து படிக்கட்டை அடைந்தது. படியின் அடியில் ஒரு கதவு உண்டு. துணி தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அதை ஒரு நாடக மரக்குதிரையால் முட்டுக்கொடுத்து எப்போதும் திறந்தே வைத்திருந்தார்கள். புகை குதிரையைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது. மூடியிருந்த அலமாரிகளுக்கு மேலே டிடெக்டர்கள் நிம்மதியாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன.

பிறகு மணி அடித்தது.

சின்னவன் மூச்சு விட்டான். "அடிச்சிடுச்சு."

"எது அடிச்சுதுன்னு பாரு."

எந்த டிடெக்டர் புகையைக் கண்டது என்று எண்ணால் காட்டுகிற சுவர்ப் பேனலில் படிக்கட்டு உச்சியின் எண் எரிந்தது. கூடத்து எண்கள் எதுவும் எரியவில்லை. மணி அடித்தால் மாடியிலிருக்கிறவர்கள் படியில் இறங்க வேண்டும், படியில் புகை வந்த பிறகுதான் மணியே அடிக்கிறது என்று அவள் சொன்னாள். ராணியம்மா மேலே பார்த்தாள், தையல் யந்திரங்கள் ஓடுகிற சத்தம் கேட்கிற திசையில். முதல் காரியமாகக் குதிரையைத் தானே இழுத்து வெளியே விட்டாள்.

சின்னவன் விடவில்லை. சந்துக்கு ஒரு டிடெக்டர் கூடுதலாகப் போட்டால் தீர்ந்தது என்றான். சந்து நகர்கிறதே, இன்றைக்குச் சந்து இருக்கிற இடத்தில் நாளைக்குப் பலகை இருக்கும் என்றாள் அவள். அப்படியானால் சக்கரத்தைப் பூட்டிவிடுகிறேன் என்றான். பாதித் துணியை நான் எடுக்கவே முடியாது, நகரும் என்றுதானே உன்னைச் செய்யச் சொன்னேன் என்றாள் ராணியம்மா. வேறு என்னதான் செய்வது என்று அவன் கேட்டபோது குரல் ஏறியிருந்தது.

"மேல் தட்டை எடுக்கணும்" என்றாள் மோப்பம்.

அவன் பூவேலையைப் பார்த்தான். அதை மட்டும் வேறு யாரையும் தொடவிடாமல் தானே செதுக்கியிருந்தான். அந்த வாரக் கடைசியில் நாடகக் கொட்டகைக்காரர் ஒருவர் அலமாரிகளைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்தால் கொட்டகைக்கும் இப்படியே வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

"வேற ஆளு செஞ்ச அலமாரியா இருந்தா இப்படிச் சொல்லுவீங்களா அண்ணி?"

"வேற ஆளா இருந்தா ஃபெயில்னு எழுதிக் குடுத்துட்டு அப்பவே போயிருப்பேன். உங்கிட்டதான் நின்னு பேசிக்கிட்டிருக்கேன்."

அவன் உளியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். அவள் ராணியம்மாவிடம் போய், படம் போடும்போதே அலமாரியின் உயரத்தை நான் கேட்டிருக்க வேண்டும், கேட்காதது என் தப்பு என்றாள். அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இல்லை. "அதுக்காக அலமாரி தானா குட்டையாகாதும்மா. அவன் வெட்டித்தான் ஆகணும்."

அலுவலகத்தில் முதலாளி வேறு வழி சொன்னார். டிடெக்டர் ஒவ்வொன்றும் டப்பாச் சோதனையில் சிவப்பு காட்டியதல்லவா, அதை மட்டும் எழுது. உனக்கு மனசு வரவில்லையென்றால் வயரிங்காரனை அனுப்புகிறேன், அவன் கையெழுத்துப் போடட்டும், குடும்பத்துக்குள் எதற்கு வம்பு. அவர் கெட்டவர் இல்லை, அவளுக்காகத்தான் சொன்னார்.

"அனுப்புங்க சார். அதுக்கு முன்னால நீங்க ஒரு நாள் அந்த மாடியில உக்காந்து பட்டன் தையுங்க" என்றாள்.

முதலாளி, தனக்கு ஊசியில் நூல் கோக்கவே கண் தெரியாது என்று சொல்லிவிட்டு அந்தப் பேச்சை அத்தோடு விட்டார்.

அன்று சின்னவன் சாப்பிட வரவில்லை. விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்ட கணவன் வெகுநேரம் யோசித்து, சீலிங்கை ஒரு அடி ஏற்றிக் கட்ட முடியாதா என்றான். அதற்கு மேல்தான் காஜா அக்கா உட்கார்ந்திருக்கிறாள் என்றாள் அவள். சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவன் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு தம்பியின் அறைக்குப் போனான். கேரியர் காலியாகத் திரும்பி வந்தது. கோபம் வயிறு வரைக்கும் போகவில்லை என்று கணவன் அறிக்கை கொடுத்தான்.

தான் சொன்னது சரியா என்ற சந்தேகம் அவளுக்கு வரவில்லை. பாத்திரம் கழுவும்போது அவள் நினைத்தது வேறு. சின்னவன் பழைய நாற்காலிக் கடைக்கே திரும்பிப் போய்விடுவானோ. போனால் இனிமேல் யார் வீட்டு நாற்காலிக்கோ இழைப்புளி தள்ளுவான், தன் பெயரில் ஒன்றும் செய்ய மாட்டான். அவனுடைய பிடிவாதம் அவளுக்குத் தெரியும். அது அவளுக்கும் இருந்தது.

மறுநாள் அவள் போனபோது அவன் ஏற்கெனவே வந்து கடைவாசலில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னொரு தடவை விடுங்க" என்றான். "அந்தக் குதிரைய இருந்த இடத்துல வையுங்க. நான் மேல நிக்கறேன். மணி அடிச்சதும் எறங்கி வரேன். நல்லபடியா வந்துட்டேன்னா அலமாரி இப்படியே இருக்கட்டும்."

பந்தயம் மாதிரி இருந்தது. அவள் ஒப்புக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள்: தனியாக ஓடி வரக் கூடாது, பெண்களோடு வர வேண்டும், கடைசியாக, காஜா அக்காவோடு. அது ஒரு விஷயமா என்கிற மாதிரி தோளைக் குலுக்கிவிட்டு அவன் ஏறிப் போனான்.

குதிரையைத் திரும்பக் கொண்டுவந்து கதவில் வைத்தார்கள். அடுப்புச் சூடேறியது. அவள் யந்திரத்தைத் தட்டிவிட்டு நடைபாதைக்கு வந்து நின்றாள். புகை நேற்றுப் போன வழியிலேயே போனது. அதற்கு வேறு வழி தெரியாது. படியின் வளைவு மறைந்தது. மணி அடித்தது. மேலே நாற்காலிகள் இழுபடுகிற சத்தம், செருப்பு தேடுகிற சத்தம், யாரோ கத்தரிக்கோலைக் கீழே போட்ட சத்தம். பிறகு காலடிகள் படியில் இறங்க ஆரம்பித்து, வளைவுக்கு மேலே நின்றன. முன்னால் வந்தவர்களுக்குப் படி தெரியவில்லை. ஒருத்தி இருமினாள். பின்னால் இருப்பவர்கள் நெருக்கினார்கள்.

புகைக்குள்ளிருந்து காஜா அக்காவின் குரல் வந்தது.

"யாரு தள்ளறது? நாடகத்துல சொர்க்கத்துக்கு அனுப்பும்போது இப்படித்தான் புகை விடுவாங்க. எனக்கு இன்னும் அவசரம் இல்ல."

சிரித்தார்கள். ஆனாலும் யாரும் வேகமாக வரவில்லை. ஒவ்வொருத்தியாகச் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார்கள். வெகுநேரம் கழித்துச் சின்னவன் வந்தான். காஜா அக்காவின் ஒரு கை அவன் தோளில் இருந்தது. இன்னொரு கை, பிடிக்க ஒன்றுமில்லாத சுவரில் துழாவிக்கொண்டிருந்தது. அவள் ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து இறங்கினாள். அவன் அவளைவிட மெதுவாக இறங்கினான். நடைபாதைக்கு வந்து அவளைப் பெட்டி ஒன்றின்மேல் உட்காரவைத்தான். அவன் இமையில் புகையின் ஈரம் படிந்திருந்தது.

"இது வெறும் நாடகப் புகை" என்றான்.

"ஆமா" என்றாள் அவள்.

அவன் கூடத்துக்குள் போய் அலமாரிகளின் தலையை அண்ணாந்து பார்த்தான்.

"எவ்வளவு எடுக்கணும்?"

"ஒரு அடி இருந்தா போதும். நீ ஒன்றரை எடு."

"ஒன்றரை எதுக்கு?"

"ராணியம்மா மேல தொப்பி வைப்பாங்க."

வைக்கத்தான் செய்வேன் என்றாள் ராணியம்மா, மறைக்காமல்.

வேலையை அவன் உடனே ஆரம்பித்துவிட்டான். பூவேலை விளிம்பை ஒரு இடத்திலும் கீறாமல் கழற்றிக் கம்பளியில் சுற்றி வைத்தான். கிரீடத் தட்டை எடுத்தான். பக்கப் பலகைகளை அளந்து அறுத்து, விளிம்பைக் குட்டையான தலைகளின்மேல் மறுபடியும் பொருத்தினான். கிரீடங்களை நடைபாதைச் சுவரில் முளையடித்து மாட்டினான்; கடைக்குள் நுழைகிறவர்கள் கண்ணில் அவைதான் முதலில் படும். கூடத்துச் சுவரில், கூரையிலிருந்து ஒரு அடி கீழே, சுற்றிலும் சிவப்புக் கோடு இழுத்தான். இந்தக் கோட்டுக்கு மேலே ஒரு தொப்பிகூட இருக்கக் கூடாது என்று ராணியம்மாவிடம் அவன்தான் சொன்னான், சட்டத்தைத் தானே எழுதினவன் மாதிரி.

நாடகக் கொட்டகைக்காரர் வந்தது, பாதி அலமாரிகள் தலையில்லாமல் நின்ற நாளில். மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே சின்னவன் அவருக்குப் புகை எப்படி ஏறும், எங்கே முட்டும், எப்படிப் பரவும் என்று விளக்கிக்கொண்டிருந்தான். அவள் கூடத்தை ஒட்டிய இஸ்திரி அறையில் நீராவி போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே அவள் புகை டிடெக்டர் வைக்கவில்லை, நீராவியைப் பார்த்து அது பொய்யாகக் கத்தும், நாலு தடவை கத்தினால் பிறகு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், வெப்ப டிடெக்டர்தான். அங்கிருந்தே அவன் பேச்சு கேட்டது. ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னான். அவள் திருத்தப் போகவில்லை. கொட்டகைக்காரர் வேலை தருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தன்னுடைய கொட்டகைக் கூரை ரொம்ப உயரம், அங்கே புகை உச்சிக்குப் போய்ச் சேருமா என்று கேட்டார். சின்னவன் இஸ்திரி அறைப் பக்கம் திரும்பினான்.

"அதை அண்ணிகிட்டதான் கேக்கணும்" என்றான்.

சேராது, பாதியிலேயே ஆறிப்போய் நின்றுவிடும், அதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது, வந்து பார்க்கிறேன் என்று அவள் உள்ளேயிருந்தே சொன்னாள்.

கடைசி அலமாரியும் முடிந்ததும் மறுபடியும் சோதனை. குதிரை இப்போது முற்றத்தில் நின்றது, படிக்கதவு மூடியிருந்தது. யாராவது மறுபடியும் திறந்துவைத்தாலும் புகைக்கு முன்னால் மணி முந்த வேண்டும் என்று அவள் அந்தக் கதவையும் இந்தச் சோதனைக்குத் திறந்துவைக்கச் சொன்னாள். புகை எழுந்தது. போலீஸ்காரர்களின் தொப்பியைத் தாண்டியது, பூவேலையைத் தாண்டியது, கூரையில் முட்டியது. முட்டிய இடத்திலிருந்து, தரையில் கவிழ்த்த குடத்துத் தண்ணீர் மாதிரி, எல்லாப் பக்கமும் ஓடியது. ராஜாக்களுக்கு மேலே ஓடியது, கரடிகளுக்கு மேலே ஓடியது. மூடியிருந்த அலமாரிகளுக்கு மேலேயிருந்த டிடெக்டரில் சிவப்பு எரிந்தது. மணி அடித்தது. அவள் படிக்கட்டைப் பார்த்தாள். அங்கே வெயில் மட்டும் விழுந்திருந்தது.

பெண்கள் இறங்கி வந்தார்கள். இந்தத் தடவை யாரும் வளைவில் நிற்கவில்லை. ஒருத்தி பாதி தைத்த கரடித் தலையைக் கையோடு கொண்டுவந்துவிட்டாள். எல்லோரும் தெருவுக்குப் போய் நின்றார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் கரடியைப் பார்த்துக்கொண்டே போனார்கள். காஜா அக்கா கடைசியாக வந்தாள், மெதுவாகத்தான் வந்தாள், தெளிந்த காற்றில் வந்தாள்.

மோப்பம் மணியை நிறுத்தினாள். கதவுகளைத் திறந்துவிட்டாள். பேனலைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு எண்ணும் அணைந்ததா என்று பார்த்தாள். பிறகு ராணியம்மாவின் மேசைமேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"மேல போகலாமா?" என்று தெருவிலிருந்து காஜா அக்கா கேட்டாள்.

"போகலாம்."

"இனிமே எத்தனை தடவை இப்படி என்னை ஏத்தி எறக்குவ?"

"மாசத்துக்கு ஒரு தடவை."

காஜா அக்கா உள்ளே வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் நின்றாள். "அப்ப இந்தச் சுவர்ப்பக்கம் பிடிச்சுக்க ஒரு கட்டை போடச் சொல்லு உன் கொழுந்தன்கிட்ட. அன்னிக்கு நான் சுவரைத் தடவினது அவனுக்குத்தான் தெரியும்."

சின்னவன் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். அவள் போனதும் அளவு டேப்பின் ஒரு முனையை முதல் படியில் வைத்து அழுத்தி, மறுமுனையை அண்ணியிடம் நீட்டினான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.